தரையில் அமர்த்தப்பட்ட தலைவரும் கைப்பேசிக் கேமராவும்

சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் புவனகிரி இருக்கிறது. அதனருகே உள்ள தெற்குத் திட்டை ஊராட்சியைத் தமிழகம் அறிந்துகொண்டது 2020 அக்டோபரில், ஓர் ஒளிப்படத்தின் வழியாக. 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்ற பட்டியலினப் பெண் தலைவர் ராஜேஸ்வரி அதில் தரையில் அமர்ந்திருந்தார். துணைத்தலைவர் உள்ளிட்டோர் நாற்காலிகளில் இருந்தனர். கூட்டம் நடந்ததோ ஜூலையில். படம் சமூக ஊடகங்களில் பரவிய பிறகே ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று.

கைப்பேசிக் கேமராவின் வெற்றி என்று இதைச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த மூன்று மாத இடைவெளியை எளிதில் கடந்துவிட முடியாது. கூட்டத்தில் நேரில் இருந்தவர்களுக்கு உறுத்தாத ஒன்று, திரையில் ஏறியதும் குற்றமாயிற்று. தேசியக் கொடியேற்றத் தம்மை விடவில்லை என்று அவர் கூறியதும் அந்தப் படத்தோடு சேர்ந்தே செய்தியாயிற்று. தலித் ஒருவரின் சொல்லுக்குக் கிடைக்காத மதிப்பு, அவர் இழிவுபடுத்தப்படும் காட்சிக்குக் கிடைக்கிறது. அதற்கான விலையையும் அவரே தருகிறார். ஊராட்சித் தலைவராக அவர் செய்த எந்தப் பணியையும் அறியாதவர்கள், தரையில் அமர்ந்திருக்கும் உருவத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம், பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தின் ஒட்டனந்தலில், தலித் முதியவர்கள் மூவர் ஊர்ப் பஞ்சாயத்தார் முன் காலில் விழவைக்கப்பட்ட படமும் இப்படியே பரவியது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் தலித் இளைஞர்களை அடித்தவர்கள் அதைத் தாங்களே காணொளியாக எடுத்துப் பரப்பினார்கள். தங்கள் வீரத்தைக் காட்ட எடுத்த அந்தக் காணொளி அவர்களுக்கு எதிராகவே நாட்டைக் கிளர்ந்தெழச் செய்தது உண்மை. எனினும் அடிபட்டவர்களிடம் ஒப்புதல் கேட்காமல் அதையே நாம் பகிரும்போது, அடித்தவர் விரும்பிய பார்வையாளர் கூட்டத்தையும் நாமே திரட்டித் தருகிறோம்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. விசாரணை நீதிமன்றத்தில் அப்பதிவு முதன்மையான சான்றாக நின்றது. அதே பதிவு தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியபோது யாருக்கு நீதி கிடைத்தது? அந்தப் பதிவு சென்று சேர வேண்டிய இடம் நீதிமன்றம். வரவேற்பறை என்ன செய்யப்போகிறது அதை வைத்துக்கொண்டு?

எனவே, வன்கொடுமை நடக்கும் இடத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்த இழிவு என்பதை நிறுவினால்தான் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு நிற்கும். சுற்றி நின்றவர்கள் யார் என்பதைப் படம் காட்டிவிடும். எடுத்தபின் அது யாருடையது என்பதில்தான் நம் தோழர்கள் தடுமாறுகிறார்கள். மூலக் கோப்பு வழக்கின் சான்று. பொதுவெளியில் பகிர்வது பாதிக்கப்பட்டவரின் முடிவு. பாலியல் வன்கொடுமையில், பாதிக்கப்பட்டவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அடையாளத்தை வெளியிடுவதையே சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

நடைமுறையில் நாம் செய்வது தலைகீழ். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று கைப்பேசியிலிருந்து அழித்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருங்குகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிய உள்தகவல்கள் நீங்கிவிடுகின்றன. ஜூலையில் நடந்தது அக்டோபரில் வெளிவரும் வழக்கில் அந்தத் தேதி எவ்வளவு பெறுமதியானது! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். வெளிச்சம் கூட்டினாலும் ஓரம் வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளைத் தொடவே கூடாது. அவை இல்லாத விவரத்தை ஊகித்து வரைபவை. ‘படமே போலி’ என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நாமே வழிவிடுவதாகும்.

மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, அதன் நகலை ‘டாக்குமென்ட்’ வடிவில் வழக்கறிஞருக்கு மட்டும் அனுப்பலாம். உள்தகவல் அதில் அப்படியே இருக்கும் என்பதால், குழுக்களில் அதைப் போட்டால் படம் எடுத்தவரின் வீடு வரை வழிகாட்டிவிடும். முகத்தை மறைப்பதும் போதாது. கிராமத்தில் சேலையையும் திண்ணையையும் கொண்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

இத்தனையும் பாதிக்கப்பட்ட தரப்பின் கைப்பேசிமீது ஏற்றப்படும் சுமை. அரசுக்கும் ஒரு கேமரா உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலிருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின் 15ஏ(10) பிரிவு, இச்சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான அனைத்து நடவடிக்கைகளும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. கடலூர் மாவட்டத்தில் வழக்கு நடத்தும் தோழர்கள் அதை முதல் நாளிலேயே எழுத்து மூலம் கேட்க வேண்டும்.