மின்கலம் கற்பிக்கும் சிக்கனம்

ஒரு வாட் மின்சாரத்துக்கு 45 லூமென் ஒளிகூடத் தராத பொதுப் பயன்பாட்டு பல்புகளை விற்பதற்கான தடை, அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எந்த பல்பை வாங்குவது என்பதில் அரசு தலையிடலாமா என்ற கேள்விக்கு, அந்நாட்டின் கேரவன்களிலேயே விடை இருப்பதாகக் கருதுகிறேன்.

கேரவனில் 18 வாட் குண்டு பல்புகள் பத்து எரிந்தால், 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 15 ஆம்பியர் மின்னோட்டம் வெளியேறும். 100 ஆம்பியர்-மணி திறன்கொண்ட ஈய-அமில மின்கலத்தில் பாதியளவே பழுதின்றிப் பயன்படுத்தத்தக்கது. அது நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. 3 வாட் எல்இடி பல்புகளுக்கு மாறினால் 20 மணி நேரம் தாங்கும். விரயம் செய்தவரையே அன்றிரவு இருள் சூழ்வதால், அங்கு எச்சரிக்கச் சட்டம் தேவையில்லை.

வீட்டிலோ விரயம் மாதக் கட்டணத்துக்குள் மறைந்துவிடுகிறது. அதற்கான புகையை அனல்மின் நிலையத்தின் அருகில் வசிப்பவர் சுவாசிக்கிறார். மின்கலம் இல்லாத இடத்தில் அதன் கண்டிப்பைச் சட்டமே ஏற்க வேண்டும்.