கல்லூரி நாளின் கூலி

ராயப்பன்பட்டி வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் தனிச்சிறப்பே அதுதான். நிலம் உடையோர்க்கு அது வரம். நிலமற்ற தலித் குடும்பத்துக்கோ, பிள்ளை கல்லூரியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் கைவிட்டுப் போகும் ஒரு நாள் கூலி. திராட்சைத் தோட்டத்தில் வேலை இல்லையெனில், கம்பம்மெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன.

பொருளியல் பாடநூல் இதனை வாய்ப்புச் செலவு என்கிறது. தோட்டக் கூலி இடத்துக்கு இடம் மாறும். எனவே அரசே அறிவித்த ஊரக வேலைத் திட்டக் கூலியை அளவாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் 2025-26இல் அது நாளொன்றுக்கு 336 ரூபாய். ஆண்டுக்கு 200 நாள் வேலை எனில் 67,200 ரூபாய். மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்குள் 2,01,600 ரூபாய்.

ஈடாகக் கிடைப்பது என்ன? வீட்டிலிருந்து சென்று கலை, அறிவியல் இளங்கலை படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கு ஒன்றிய அரசின் உதவித்தொகைத் திட்டம் தரும் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். பேருந்துக்கும் நோட்டுக்கும் சரியாகப் போய்விடும். தகுதியுள்ளோர்க்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாயைச் சேர்த்தாலும் ஆண்டுக்கு 15,000தான். மூன்றாண்டில் 1,56,600 ரூபாய்ச் சுமை குடும்பத்தின் தலையில். உதவித்தொகைக்கான வருமான வரம்போ ஆண்டுக்கு 2.5 இலட்சம், அந்த உச்சவரம்பில் நிற்கும் குடும்பத்துக்கே 67,200 என்பது கால்பங்குக்கும் மேல். கட்டணத்தை ஏற்றுக்கொண்டதாகப் பெருமைப்படும் அரசுகள் இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

இந்தக் கணக்கைக் காட்டி, ‘படிப்பு எதற்கு, வேலைக்குப் போ’ என்போரும் உண்டு. தம் பிள்ளைகளிடம் அவர்கள் அதைச் சொல்வதில்லை. தோட்ட உரிமையாளரின் மகன் கல்லூரிக்குப் போனால் தோட்டம் நின்றுவிடுவதில்லை. அங்கே வேலை செய்வது நம் பிள்ளைகள். ஆகவே நாம் கோர வேண்டியது, இழக்கும் கூலியை அளவாகக் கொண்டு வகுத்து, மாதந்தோறும் தவறாமல் வழங்கும் படி.

கிறித்தவம் தழுவிய தலித் மாணவர்க்கு இழப்பு இன்னும் கூடுதல். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. தமிழ்நாடு அரசு கல்வி உதவித்தொகை அளித்தாலும், வேலைவாய்ப்பில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோருடனேயே போட்டியிட வேண்டும். இழக்கும் கூலி அதே 336 ரூபாய். பட்டம் பெற்றபின் திறக்கும் கதவுகள் மட்டும் குறைவு.