அளந்தறிதல்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் பயிலும் மாணவர் அனைவரும் தனி ஊசல் ஆய்வை அறிவர். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அதனை அலையவிட்டு 20 அலைவுகளுக்கு ஆகும் காலத்தை நிறுத்துகடிகாரத்தால் அளக்க வேண்டும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எளிய ஆய்வுதான். ஆயினும் அதில் ஒரு விந்தை உண்டு. செய்முறைப் பதிவேடுகளைப் புரட்டினால், ஊசலின் நீளம் மாறியிருக்கும், அளந்த கைகள் மாறியிருக்கும். இறுதி விடை மட்டும் பெரும்பாலும் 9.8 என்றே நிற்கும்.

இது எங்ஙனம் இயலும்? ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் 20 அலைவுகளை முடிக்க ஏறத்தாழ 40 வினாடி ஆகும். கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 வினாடி முந்தினாலும் பிந்தினாலும் விடை 9.7-ஐயோ 9.9-ஐயோ நோக்கி நகர்ந்துவிடும். மனிதக் கைக்கு அந்த அளவு தடுமாற்றம் இயல்பு. மேலும், புவியீர்ப்பு முடுக்கம் நிலவுலகெங்கும் ஒரே மதிப்புடையதும் அன்று. துருவங்களில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் அமைந்த திருச்சிராப்பள்ளியிலும் அது 9.78 தான். ஆகவே, ஐம்பது மாணவரும் பிசகின்றி 9.8 என்று எழுதியிருந்தால் அங்கே விடை முதலில் எழுதப்பட்டது. அளவீடுகள் அதற்கேற்பப் பின்னர் நிரப்பப்பட்டன என்றே கொள்ள வேண்டும்.

இப்பழியை மாணவர்மேல் மட்டும் சுமத்துதல் முறையாகாது. 9.6 என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்னும் அச்சத்தை அவர்களுக்கு ஊட்டியது யார்? அறிவியலின் உயிர்நிலை கண்டதைக் கண்டபடி எழுதுதல். அதனைக் கற்பிக்க வேண்டிய ஆய்வுக்கூடமே காணாததைக் கண்டதாக எழுதப் பழக்குமானால், அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

கைக்குள் வந்த ஆய்வுக்கூடம்

இந்நிலையில்தான் கையடக்க உணரிகள் பள்ளி வாயிலை வந்தடைந்துள்ளன. வெப்பநிலை, ஒளிச்செறிவு, ஒலி, காற்றழுத்தம், காந்தப்புலம், முடுக்கம் முதலியவற்றை உணர்ந்து எண்ணாக மாற்றித் தரும் சிறு கருவிகளே உணரிகள். திறன்பேசி ஒவ்வொன்றினுள்ளும் இவற்றுள் சில அடங்கியுள்ளன. பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புவது அதனுள் உள்ள முடுக்கமானியின் வேலை. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஃபைபாக்ஸ் என்னும் கட்டணமில்லாச் செயலி, அந்த உணரிகளின் அளவீடுகளை வரைபடமாகத் திரையில் காட்டுகிறது. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் எக்ஸ்ப்ஐஸ் என்னும் சிறு கருவியை உருவாக்கியது. கணினியோடு இணைத்துப் பள்ளி, கல்லூரி ஆய்வுகளைச் செய்ய உதவும் இதன் வடிவமைப்பை எவரும் அறிந்து பயன்படுத்தும்படி அம்மையம் வெளியிட்டிருக்கிறது.

நிறுத்துகடிகாரத்தால் ஒரு மணி நேரத்தில் பத்து அளவீடுகள் எடுக்கும் மாணவர், முடுக்கமானியால் ஒரு வினாடியில் நூறு அளவீடுகள் பெறுவார். அத்தனை எண்களையும் கைப்படப் புனைந்தெழுத ஒருவராலும் இயலாது. எனவே உணரி வந்தால் பொய்யளவு ஒழியும் என்று சிலர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி பாதியே சரியானது. எண்கள் மிகுவதால் மட்டும் உண்மை மிகுந்துவிடாது. 'வெப்பநிலை 38 பாகை' என்று திறன்பேசித் திரையில் தோன்றும் எண்ணை அந்தப் பேசியே அளந்ததாகப் பலர் கருதுகின்றனர். அது இணையவழி வந்து சேரும் எண். பேசியினுள் உள்ள வெப்ப உணரியோ பெரும்பாலும் அதன் மின்கலத்தின் சூட்டைத்தான் காட்டும். இதை அறியாமல் எழுதும் 38, ஊசல் ஆய்வின் 9.8-ஐக் காட்டிலும் எவ்வகையிலும் மேலானதன்று.

திருவானைக்காவலில் பிறந்தவர்

கையில் ஏந்தத்தக்க சிறு கருவியால் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்குத் திருச்சிராப்பள்ளியார் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 1888 நவம்பர் 7 அன்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், திருவானைக்காவலில், சர் சி. வி. இராமன் பிறந்தார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயிலும்போது, நிறமாலைமானியைக்கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். இன்றும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் செய்யும் அதே வகை ஆய்வுதான். அளக்கச் சொன்ன கோணத்தோடு, ஒருவரும் பார்க்கச் சொல்லாத ஒளிப்பட்டைகள் சிலவும் அவர் கண்ணில் பட்டன. அவற்றை அவர் விலக்கிவிடவில்லை, மேலும் ஆராய்ந்தார். அதன் பயனாக எழுந்த கட்டுரை 1906-இல் இலண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை 18.

1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்னும் கப்பலில் தாயகம் திரும்பியபோது நிகழ்ந்தது இன்னும் சுவையானது. கடலின் நீலம் வானத்தின் நீலம் நீர்ப்பரப்பில் எதிரொளிப்பதே என்று இராலே பெருமகனார் கூறியிருந்தார். அறிஞருலகம் அதனை ஏற்றிருந்தது. இராமன் தம்மிடமிருந்த சிறிய நிகோல் பட்டகத்தின் வழியே மத்தியதரைக் கடலை நோக்கினார். நீர்ப்பரப்பில் எதிரொளித்து வரும் ஒளியைக் குறிப்பிட்ட கோணத்தில் அப்பட்டகம் தடுத்துவிடும். இராலே கூறியது முழு உண்மையாயின் நீலம் மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை, இன்னும் தெளிந்து தோன்றியது. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்பது புலனாயிற்று. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் அவர் 'நேச்சர்' இதழுக்கு எழுதியனுப்பினார். அங்குத் தொடங்கிய தேடலே 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாகக் கனிந்தது.

அந்தப் பட்டகம் எண் எதனையும் காட்டவில்லை என்பது கருதத்தக்கது. 'எதிரொளியை நீக்கிவிட்டால் நீலம் போய்விடுமா?' என்னும் வினா கருவியை எடுக்கும் முன்பே அவர் உள்ளத்தில் இருந்தது. இன்றைய உணரிப் பெட்டிகளோடு வரும் கையேடுகளில் பொத்தான்களைப் பற்றிய விளக்கம் நிறைய இருக்கிறது. இத்தகைய வினாக்களுக்குத்தான் இடம் குறைவு.

படியேறும் காற்றழுத்தமானி

திருச்சிராப்பள்ளி மாணவர் தம் ஊரிலேயே செய்யத்தக்க ஆய்வு ஒன்றைச் சற்று விரிவாகக் காணலாம். மலைக்கோட்டையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். தாழ்நிலப் பகுதிகளில் 9 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது கணக்கு. எனவே அடிவாரத்து மாணிக்க விநாயகர் சன்னதிக்கும் உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கும் இடையே ஏறத்தாழ 9 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருக்க வேண்டும். காற்றழுத்த உணரி ஒரு மாடி ஏறினாலே மாற்றத்தைக் காட்டிவிடும் நுண்மை உடையது. ஆகவே ஆய்வு எளிதாக முடியும் என்று தோன்றும்.

காலை 10 மணிக்கு அடிவாரத்தில் ஓர் அளவெடுத்த மாணவர் ஒருவர், மாலை 4 மணிக்கு உச்சியில் மறு அளவெடுப்பதாகக் கொள்வோம். குன்றின் உயரம் 110 மீட்டருக்கும் மேல் என்று அவருக்கு விடை வரும். உணரி பழுதானதா? இல்லை. வெப்பமண்டல நாடுகளில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் ஏற்றம். அதிகாலை 4 மணியளவிலும் மாலை 4 மணியளவிலும் இறக்கம். கதிரவனின் வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதும் எழும் அலை இது. காலை ஏற்றத்துக்கும் மாலை இறக்கத்துக்கும் இடையே 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரை வேறுபாடு உண்டு. திருவரங்கத்தில் வீட்டுத் திண்ணையைவிட்டு அகலாதவரும், கருவியின் கணக்குப்படி, மாலைக்குள் 30 மீட்டர் உயர்ந்துவிடுவார்!

இச்சிக்கலுக்குத் தீர்வு மிகப் பழையது. 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சு நாட்டின் புய் தெ தோம் என்னும் மலைமீது, பாஸ்கலின் வேண்டுகோளை ஏற்று அவர் தமக்கையின் கணவர் பெரியே பாதரசக் குழாயைச் சுமந்து ஏறினார். உச்சியில் பாதரசம் 3 அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தது. ஏறுமுன் அவர் இன்னொரு குழாயை அடிவார மடத்தில் நிறுத்தி, நாள் முழுதும் அதனைக் கண்காணிக்க ஒரு துறவியை அமர்த்தியிருந்தார். கீழே இருந்த குழாயில் மாற்றமேதும் இல்லை என்று அத்துறவி கூறிய பின்னரே மேலே கண்ட வேறுபாட்டுக்குப் பொருள் பிறந்தது.

திருச்சிராப்பள்ளியிலும் அதுவே வழி. இரண்டு உணரிகளை முதலில் அருகருகே வைத்து ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். காட்டாவிடில் வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒன்று அடிவாரத்தில் ஒரு மாணவரோடு தங்கும். மற்றொன்று கோயிலாரின் இசைவோடு நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறும். இருவரும் ஒரே நேரத்தில் குறித்த அளவுகளையே ஒப்பிட வேண்டும். கீழே அமர்ந்திருப்பவரின் பணி சலிப்பூட்டுவது. மேலே செல்பவருக்குக் காற்றும் காட்சியும் கிடைக்கும். ஆயினும் கீழிருப்பவர் இன்றி மேலே செல்பவரின் எண்ணுக்கு மதிப்பில்லை.

இரு நதிகளுக்கு இடையே

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத்தைத் தீவாக்கியிருக்கின்றன. வெள்ளக்காலம் நீங்கினால் கொள்ளிடம் பெரும்பாலும் மணற்பரப்பு. நாளேடுகள் அச்சிடும் திருச்சிராப்பள்ளி வெப்பநிலை விமான நிலையத்தில் அளக்கப்படுவது. சித்திரை வீதியில் அதே பிற்பகலில் எவ்வளவு இருக்கும்? ஆற்றில் நீர் ஓடும்போதும் மணல் காயும்போதும் அவ்வேறுபாடு மாறுமா? ஊகிப்பது எளிது, ஓராண்டு முழுவதும், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நிழலில் வைத்த உணரியால் அளந்தவர்க்கே சொல்லும் உரிமை உண்டு. கோடையில் கோயில் பிராகாரத்துக் கருங்கல் தளத்தையும் அதன்மேல் பூசிய வெள்ளைப் பட்டையையும் வெறுங்காலால் வேறுபடுத்தி அறியாத பக்தர் இல்லை. அவ்வேறுபாடு எத்தனை பாகை என்பதை ஒரு வகுப்பு ஒரே நண்பகலில் கண்டறிந்துவிடும்.

நீரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் தேவை. குடிநீர்ச் சுத்திகரிப்பான் விற்போர் வீடுதோறும் கொண்டுவரும் பேனா போன்ற கருவி, நீரில் கரைந்த உப்புகளைக் கணிக்கிறது. அது மின்கடத்துதிறனை அளந்து எண்ணாக்குவதே ஆகும். எண் குறைந்தால் நீர் தூயது என்று மக்கள் நம்புகின்றனர். நோய்க்கிருமி மிகுந்த நீரிலும் அந்த எண் குறைவாகவே இருக்கக்கூடும். மேட்டூர் அணை திறக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் அம்மா மண்டபப் படித்துறையில் இக்கருவியால் அளந்து வரும் மாணவர், ஆற்றுநீரின் மாற்றத்தை அறிவதோடு, அக்கருவி எதைச் சொல்லாது என்பதையும் அறிந்துகொள்வர். வாங்கவும் விற்கவும் எண்களே காட்டப்படும் காலத்தில் இவ்வறிவு தேர்வுக்கு மட்டும் உரியதன்று.

பூட்டிய பீரோ

இக்கருவிகளுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் சில நியாயமானவை. பள்ளிக்குத் திறன்பேசி வேண்டாம் என்னும் விதி சரியானதே. எல்லார் வீட்டிலும் ஒரே தரமான பேசி இல்லை. விலை குறைந்தவற்றில் காற்றழுத்த உணரி பெரும்பாலும் இருப்பதுமில்லை. ஆகவே மாணவரின் பேசியை நம்பித் திட்டமிடுதல் ஏழை மாணவரை வேடிக்கை பார்ப்பவராக்கிவிடும். பள்ளியே கருவிகளை வாங்க வேண்டும். மாவட்டத்துக்கொரு பளபளப்பான கூடம் அமைப்பதைவிட, ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் சில நூறு ரூபாய் விலையுள்ள உணரிகள் பத்து வழங்குதல் மேல். உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டப்படும் கருவியால் பயனில்லை. உடைந்தால் ஆசிரியரின் ஊதியத்திலிருந்து பிடிப்பார்கள் என்னும் அச்சம் நீங்கினாலன்றி அந்தப் பூட்டுத் திறக்காது.

பழைய கருவிகளைத் தூக்கியெறிதலும் தவறு. கண்ணாடி வெப்பநிலைமானியில் திரவம் மெல்ல ஏறுவதைப் பார்த்தவர்க்கே, உணரியும் வெப்பநிலையை எட்டச் சிறிது நேரம் கொள்ளும் என்பது விளங்கும். உருகும் பனிக்கட்டியில் இரண்டையும் ஒருங்கே வைத்து 0 காட்டுகின்றனவா என்று சோதித்தல் பதினைந்து நிமிட வேலை. வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவைக் கணக்கிட்டுப் பழகியவரே, திரையில் வரும் நான்கு தசம இலக்கங்களுள் எத்தனையை நம்பலாம் என்று கேட்பார்.

பதிவேட்டின் அமைப்பிலும் மாற்றம் வேண்டும். அளக்கத் தொடங்குமுன், என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதை மாணவர் மையால் எழுத வேண்டும். அளவீடுகள் நேரக்குறிப்போடு அப்படியே இடம்பெற வேண்டும். விடை நூலோடு பொருந்தாவிடில் அதற்கான காரணத்தைத் தேட அரைப்பக்கம் ஒதுக்கப்பட வேண்டும். 9.6 என்று கண்டு, நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்கத் தவறியதை அந்த அரைப்பக்கத்தில் கண்டுபிடித்து எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் வழங்கலாம் எனத் தேர்வாளர்க்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். உணரிகள் வந்து சேரும்வரை காத்திராமல், அடுத்த செய்முறைத் தேர்விலேயே இதனைத் தொடங்கலாம்.