சொந்த வருவாய் என்னும் சாக்கு

ஊராட்சிகள் தமக்கு வேண்டிய வசதிகளைத் தம் சொந்த வருவாயிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதம் தன்னாட்சியின் குரல் போல ஒலிக்கிறது. எருத்தேன்பதியில் வைத்துப் பார்த்தால் அது அநீதி.

கேரள ஊராட்சிகளின் சொந்த வருவாய்க்குத் தூண்கள் கட்டட வரியும் தொழில் வரியும். சித்தூர் வட்டத்தின் மழை குறைந்த கிழக்கெல்லையில் வேளாண்மையை நம்பி வாழும் ஊரில் வணிக வளாகங்கள் ஏது? அங்கு வரி குறைவது நிருவாகத்தின் சோம்பலால் அன்று, நிலத்தின் இயல்பால்.

1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. அது பிச்சை அன்று, உரிமை.

2019இல் கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் 'மசாலா பத்திரம்' வழியே 9.723 விழுக்காடு வட்டிக்கு 2,150 கோடி ரூபாய் திரட்டியது. அவ்வாரியத்தைத் தாங்குவன எரிபொருள் மீதான கூடுதல் வரியும் வாகன வரியும். எருத்தேன்பதி உழவர் டிராக்டருக்கு வாங்கும் டீசலும் அதில் அடக்கம். கடனைச் சுமக்கையில் அவர் கேரளத்தின் குடிமகன். குடிநீரும் சாலையும் கேட்கையில் மட்டும் வருவாயற்ற ஊரின் வாசியா?

வரித்திறனை அளக்குமுன் தேவையை அளவுங்கள். திட்டமிடல் என்பது அதுதான். மற்றது வெறும் கணக்கெழுத்து.