திசை மாறிய நீரும் திசை மாறிய கொள்கையும்

மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைப் பென்னிகுவிக் கட்டிய அணை 1895இல் கிழக்கே திருப்பியது. திசை மாறிற்றே என்று குச்சனூர் வயல்கள் அந்நீரைப் பழித்ததில்லை. பயன் வந்தது, ஏற்றுக்கொண்டன. கட்சிகள் கொள்கை மாறும்போதும் நம் மக்கள் இவ்வாறுதான் அளக்கின்றனரோ?

திராவிட நாடு கேட்டுத் தேர்தல் களம் கண்ட தி.மு.கழகம் 1962இல் 50 இடங்களை வென்றது. அவ்வாண்டே சீனப் போர் மூண்டது. அண்ணா பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார். 1963இல் கட்சியின் விதியும் திருத்தப்பட்டது. நாட்டுக்கு ஆபத்து வந்த வேளையில் பிரிவினை பேசலாகாது என்று அவர் மேடைதோறும் காரணம் சொன்னார். மக்கள் தண்டிக்கவில்லை; 1967இல் ஆட்சியையே அளித்தனர்.

பின்னாளில் மாற்றங்கள் மலிந்தன, விளக்கங்கள் அருகின. பாரதிய சனதாவுடன் 1998இல் அ.தி.மு.க. அணி சேர்ந்தது, 1999இல் தி.மு.க. சேர்ந்தது, 2004இல் மீண்டும் அ.தி.மு.க. சேர்ந்தது. குச்சனூர் அடங்கிய அன்றைய பெரியகுளம் தொகுதி, அவ்வணிக்கு எதிராக நின்ற டி.டி.வி. தினகரனை 1999இல் தேர்ந்தெடுத்தது. அவ்வணியிலேயே அவர் நின்றபோது, 2004இல் காங்கிரசின் ஆரூணைத் தேர்ந்தெடுத்தது. இதனை மட்டும் கண்டு, கொள்கைக்கே வாக்கு என மகிழ்ந்துவிட இயலாது. 2019இல் தமிழகமெங்கும் தோற்ற அ.தி.மு.க.–பாரதிய சனதா அணிக்கு வெற்றி தந்த ஒரே தொகுதி தேனி. 2024இல் அதே தேனி, தி.மு.க.வுக்கு மாறிவந்த தங்க தமிழ்ச்செல்வனை வெற்றிபெறச் செய்தது. சின்னம், வேட்பாளர், சாதி, அன்றைய கூட்டணிக் கணக்கு ஆகிய அனைத்தும் கொள்கையோடு கலந்தே எடை போடப்படுகின்றன.

மாற்றம் குற்றமன்று. காரணம் கூறாத மாற்றமே குற்றம். மக்கள் சினந்து வாக்களிப்பதுகூட நன்று. "எல்லாரும் இப்படித்தான்" என்று அவர்கள் சலித்துப்போவதே அஞ்சத்தக்கது. வாக்காளர் கேள்வி கேட்பதை நிறுத்தினால் கொள்கை வெறும் கொடித்துணியாகிவிடும். அந்நிலையில் முதலில் இழப்பவர் எண்ணிக்கையில் சிறியோரே. பெரும்பான்மையோர்க்குக் கொள்கை ஒரு கருத்து. சிறுபான்மையோர்க்கோ அது தலைமேல் உள்ள கூரை.

இம்மலரைப் புரட்டும் மாணவர் பலர் விரைவில் முதன்முறையாக வாக்களிப்பர். வாக்குக் கேட்டு வருவோரிடம், "ஏன் மாறினீர்கள்?" என ஒருமுறையேனும் கேளுங்கள். நீர் ஏன் திரும்பியது என்பது நம் வயல்களுக்குத் தெரியும். கொள்கை ஏன் திரும்பியது என்பது வாக்காளர்க்குத் தெரிய வேண்டாவா?