'பீப்' கேட்டதா, சார்?

ஆபீஸில் 'ஆன்சைட்' என்று சொல்லி லண்டனுக்கு அனுப்பப் போகிறார்களா? ஸ்வெட்டர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் எடுத்து வைத்தாச்சா? கூடவே ஒரு சின்னப் பாடத்தையும் மூட்டை கட்டிக்கொள்ளுங்கள். அந்த ஊர் ரயிலில் காசு கொடுத்தால் மட்டும் போதாது. கொடுத்தீர்கள் என்று நிரூபிக்கவும் வேண்டும்!

லண்டன் பஸ்களில் 2014 ஜூலையோடு ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். 2003-ல் வந்த ஆய்ஸ்டர் கார்டு, பாங்க் கார்டு, செல்போன்... எதையாவது மஞ்சள் வட்டத்தில் காட்டினால் 'பீப்'. அவ்வளவுதான். வாட்ச் ஸ்ட்ராப்பில் செருகிக்கொள்ள ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

அங்கேதான் வில்லங்கம். டி.எல்.ஆர். என்று ஒரு ரயில் 1987-லிருந்து ஓடுகிறது. டிரைவர் கிடையாது. பெரும்பாலான ஸ்டேஷன்களில் கேட்டும் கிடையாது. 'அடடா, என்ன தாராள மனசு!' என்று நேரே போய் உட்கார்ந்தீர்களோ, தொலைந்தீர்கள். கேட் இல்லாத ஊரில் கேட்பதற்கு ஆள் வருவார், கையில் மெஷினோடு. ஏறும்போது காட்டாத கார்டு என்றால் அபராதம் 100 பவுண்ட் (2024 மார்ச்சுக்கு முன் 80). 21 நாளுக்குள் கட்டினால் பாதி. ஆடித் தள்ளுபடி மாதிரி!

"கார்டில் நிறையப் பணம் இருக்கே சார்" என்று வாதாடிப் பயனில்லை. பணம் இருப்பது வேறு, கட்டியது வேறு.

போனைக் காட்டி ரயில் ஏறி, அதே அக்கவுண்டின் பிளாஸ்டிக் கார்டைக் காட்டி இறங்கினால், கம்ப்யூட்டர் கணக்கில் நீங்கள் இரண்டு பேர். ஒருத்தர் ஏறினார், இறங்கவே இல்லை. இன்னொருத்தர் ஏறாமலே இறங்கிவிட்டார். இரண்டு பேருக்கும் அதிகபட்சக் கட்டணம்! போன் பாட்டரி நடுவழியில் உயிரை விட்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான். பஸ், டிராமில் மட்டும் ஏறும்போது காட்டினால் போதும்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பது எங்கள் முதல் பாடம். காகித டிக்கெட் காலத்தில் அந்த வவுச்சர் நம் சட்டைப் பையில் இருந்தது. ஆய்ஸ்டரிலாவது விவரம் கார்டுக்குள்ளேயே பதிவாகிறது. பாங்க் கார்டில் கணக்கெல்லாம் எங்கோ ஒரு சென்ட்ரல் கம்ப்யூட்டரில். அதாவது, பணம் வாங்குகிறவரிடமே கேஷ் புக்கும் வவுச்சரும். நம்மிடம் மிச்சம், காதில் கேட்ட ஒரு 'பீப்'!

இது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. பிரிட்டனில் டிக்கெட் இல்லாதவர் மேல் ரயில் கம்பெனி கிரிமினல் கேஸே போடலாம். 1889-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது. டி.எல்.ஆர். அல்ல, வேறு சில ரயில் கம்பெனிகள் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த கேஸ்களை, ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட் பேப்பரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் குறுக்கு வழியில் தள்ளிவிட்டன. அந்தச் சட்டத்துக்கு அந்த வழி செல்லவே செல்லாது! 2024 ஆகஸ்டில் சீஃப் மாஜிஸ்ட்ரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் ஆறு கேஸ்களை ரத்து செய்தார். அதே ரகத்தில் சுமார் 74,000 கேஸ்கள் இருக்கும் என்று கணக்கு. ஊரையெல்லாம் "டிக்கெட் எங்கே?" என்று கேட்டவர்களை, "உங்கள் அதிகாரம் எங்கே?" என்று கோர்ட் கேட்டபோது, பாவம், அவர்கள் பையிலும் ஒன்றும் இல்லை.

ஆகவே நண்பர்களே, ஏற ஒன்று இறங்க ஒன்று வேண்டாம், ஒரே கார்டு. பர்ஸிலிருந்து தனியாக எடுத்துக் காட்டுங்கள், பக்கத்துக் கார்டில் பணம் போய்விடும். ஆன்லைனில் கணக்குத் திறந்து, வாரம் ஒரு முறை பயணப் பட்டியலைச் சரிபாருங்கள். தப்பாகப் பிடித்திருந்தால் திரும்பக் கேளுங்கள், அபராதத்துக்கு அப்பீலும் உண்டு.

கல்யாணத்தில் மொய் எழுதினால்கூட, நோட்டில் பெயர் ஏறியதா என்று எட்டிப் பார்க்கிற பரம்பரை நாம். 'பீப்' கேட்டதா என்று ஒரு செகண்ட் நின்று பார்ப்பதில் என்ன வெட்கம்?