ஊசி மருந்தும் கறவைப் பாலும்

கறவை மாட்டுக்கு ஊசி போட்டானதும், ஜுரம் எப்பொழுது தணியும், மாடு எப்பொழுது தீனி எடுக்கும் என்று வினவாத குடியானவர் இல்லை. பாலை எத்தனை நாள் விலக்கி வைக்க வேண்டும் என்று வினவுவோரோ மிகச் சிலரே. இதற்கு அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எமது அபிப்பிராயத்தில் அது முழு உண்மையன்று. விடை இன்னதாயிருக்கும் என்பதையும், அதனால் வரும் நஷ்டம் தம் ஒருவர் தலையிலேயே விழும் என்பதையும் அவர்களிற் பலர் முன்னமே அறிந்திருக்கின்றனர். ஆகையால் ஊசி மருந்தைப் பத்திரமாகக் கையாளுவது எவ்வாறு என்பதைக் கூறுவதோடு, அந்த நஷ்டத்தை யார் தாங்குவது என்பதையும் இங்கு விசாரிக்க எண்ணுகிறோம்.

முதலாவது, எந்த வியாதிக்கு இம்மருந்து என்பதைச் சுருக்கமாகச் சொல்லுவோம். ஆன்டிபயாடிக் என்று வழங்கும் மருந்துகள் பாக்டீரியா என்னும் கிருமிகளால் உண்டாகும் நோய்களுக்கே உரியவை. அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான், மடி நோய் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. கோமாரியும், தோல் கழலை நோயும், மூன்று நாள் காய்ச்சலும் வைரஸ் என்னும் வேறு வகை நுண்ணுயிரால் வருபவை. அவற்றின் மீது இம்மருந்துகளுக்கு அதிகாரம் கிடையாது. புண்களிற் பின்னர் பாக்டீரியா புகுந்து சீழ் வைத்தால் மாத்திரம் இவை உதவும். மூன்று நாள் காய்ச்சல் பெரும்பாலும் தானே வந்து தானே போவது. இரண்டாம் நாள் ஊசி போட்டு நான்காம் நாள் மாடு எழுந்து நின்றால் புகழ் முழுவதும் ஊசிக்குப் போய்விடுகிறது. ஊசியின் மீது நம் கிராமங்களில் வளர்ந்துள்ள மிகையான பக்திக்கு இக்காய்ச்சலும் ஒரு காரணம் என்பது எமது எண்ணம். அடைப்பான், சப்பை, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்குத் தடுப்பூசிகள் உண்டு. 1932இல் ஏற்பட்ட இராணிப்பேட்டை நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வந்துள்ளது. உரிய பருவத்தில் தடுப்பூசி போட்ட மந்தைக்கு மற்ற ஊசியின் தேவை குறையும்.

இனி மருந்தின் அளவு. குடியானவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது அளவு மிகுந்துவிடுமோ என்றே. உண்மையில் அடிக்கடி நேரும் பிழை அளவு குறைவதேயாம். உதாரணமாக, ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். இதன் சாதாரண வகையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மருந்து உண்டு. மாட்டின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரையில் நாள்தோறும் கொடுப்பது வழக்கம். மாட்டின் எடையை அறியத் தராசு வேண்டியதில்லை. ஒரு நாடாவே போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பின் முனை வரையுள்ள நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலமும் நீளம் 52 அங்குலமும் உள்ள பசு சுமார் 283 கிலோ இருக்கும். அப்பசுவுக்கு மேற்கண்ட அளவின்படி ஒரு வேளைக்கு 28 முதல் 57 மில்லிலிட்டர் வேண்டும். ஆனால் மருந்துக் கடையில் புட்டியை வாங்கி, யாரோ ஒருவரைக் கொண்டு 10 மில்லிலிட்டர் போட்டுவிட்டு, ஊசி போட்டாயிற்று என்று திருப்தியடைபவர்கள் உண்டு. அது கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம்கூட ஆகாது. கிருமிகளுள் வலியற்றவை அதனால் மடியும். வலியவை பிழைத்துப் பெருகும்.

இதை முதலில் எச்சரித்தவர் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் அவர்களே என்பது குறிப்பிடத்தக்கது. 1928இல் லண்டனிலுள்ள செயின்ட் மேரி வைத்தியசாலையில் பூஞ்சணத்தினின்று அம்மருந்தின் குணத்தை அவர் கண்டார். 1945இல் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய சொற்பொழிவிலேயே, கொல்லுவதற்குப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எடுத்துக் கூறினார். மருந்து உலகெங்கும் பரவத் தொடங்கிய காலத்திலேயே சொல்லப்பட்ட எச்சரிக்கை இது.

மற்றொரு குழப்பமும் உண்டு. இதே மருந்தில் நீடித்து வேலை செய்யும் வகை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம். இரண்டும் மஞ்சள் நிறமான திரவங்களே. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொண்டால் நான்கு மடங்கு வித்தியாசம் நேரும். ஆகையால் புட்டியின் மேலுள்ள எண்ணைப் படிக்காமல் மருந்தை உறிஞ்சலாகாது. படிக்கத் தெரியாதவர் தெரிந்தவரைக் கொண்டு படிப்பித்துக் கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஊசியை யார் போடுவது? 1984ஆம் வருஷத்திய இந்தியக் கால்நடை வைத்தியக் கவுன்ஸில் சட்டப்படி, பதிவு பெற்ற வைத்தியரே சிகிச்சை செய்யலாம். பயிற்சி பெற்ற உதவியாளர்கள் அவருடைய மேற்பார்வையில் சிறு பணிகளைச் செய்யலாம். சட்டம் இருக்கட்டும், அதற்குள்ள காரணத்தை நோக்குவோம். புரோகெய்ன் பெனிசிலின் பால் போன்ற கலங்கிய மருந்து. சதைக்குள் மட்டுமே செலுத்தத் தக்கது. தவறி இரத்தக் குழாயில் ஏறினால் மாடு துடித்து விழும். ஆதலால் ஊசியைக் குத்திய பின் பின்னுக்கு இழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்த்தே மருந்தைத் தள்ளுவார்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளினோ சதையை எரிக்கும் தன்மையுடையது. ஓரிடத்தில் 10 மில்லிலிட்டருக்கு மேற்படாமல் கழுத்துச் சதையில் பல இடங்களிற் பிரித்துப் போட வேண்டும். அதை இரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினாலும் மாடு சாய்ந்துவிடும். அபூர்வமாகச் சில மாடுகளுக்குப் பெனிசிலின் ஒவ்வாமல் உடனே மூச்சுத் திணறும். அப்பொழுது அட்ரினலின் கையில் வைத்திருக்கும் வைத்தியர் அருகில் இருப்பதற்கும், இல்லாமைக்கும் ஒரு பசுவின் விலை வித்தியாசம். ஒரே ஊசியை மந்தை முழுவதற்கும் குத்துவது இரத்தத்தால் பரவும் வியாதிகளை மாட்டுக்கு மாடு நாமே எடுத்துச் செல்வதாகும். வைத்தியசாலை தூரமாயிருப்பின், 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நடமாடும் வைத்திய வண்டியை அழைக்கலாம்.

வைத்தியர் விதித்த நாட்கள் முழுவதும் ஊசி நடக்க வேண்டும். மடி வீக்கம் இரண்டாம் நாளே தணிந்தது கண்டு, மீதி மருந்தை அடுத்த மாட்டுக்கு வைத்துக்கொள்ளும் சிக்கனம், முதல் மாட்டையும் கெடுத்து இரண்டாவதையும் கெடுப்பது.

இப்பொழுது பாலுக்கு வருவோம். உடலில் ஏற்றிய மருந்து இரத்தத்தோடு சுற்றி மடிக்கும் வந்து பாலில் இறங்குகிறது. காய்ச்சினால் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. பெனிசிலின் போன்றவை காய்ச்சுவதனால் பெரும்பாலும் அழிவதில்லை. பாலில் இது இருக்கிறதென்பதை நம் வீட்டுப் பெண்டிர் சில சமயம் நமக்கு முன்னே அறிவார்கள். பிரை ஊற்றிய பால் சரியாக உறையாது. தயிரை உறைய வைக்கும் நல்ல கிருமிகளையும் மருந்து தடுத்து விடுவதே காரணம். பெனிசிலின் ஒவ்வாத மனிதருக்கு அப்பால் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கலாம். சர்வதேச உணவு அளவைகளில் ஒரு கிலோ பாலில் பெனிசிலின் 4 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம் என்பதை நோக்கினால், ஒரு பசுவின் பால் சங்கத்தின் பெரிய பாத்திரம் முழுவதையும் எவ்வளவு எளிதில் கெடுக்கும் என்பது விளங்கும்.

2012 ஜனவரியில் மருந்து விதிகளிற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உணவுக்குரிய பிராணிகளுக்கான மருந்தின் சீட்டில் விலக்கு நாட்கள் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். தனியே சோதித்து நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்குப் பாலும் முட்டையும் குறைந்தது 7 நாட்கள், இறைச்சி 28 நாட்கள் என்று அத்திருத்தமே கூறுகிறது. கடைசி ஊசியிலிருந்தே இந்நாட்களை எண்ண வேண்டுமேயன்றி முதல் ஊசியிலிருந்தன்று. விலக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டுவதும் நன்றன்று. கன்றின் குடலிலுள்ள கிருமிகளுக்குக் குறைந்த அளவில் மருந்து பழக்குவதாகவே அது முடியும்.

கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 4 நாள் ஊசியும், பின் 7 நாள் விலக்குமாக 11 நாட்கள். ஆக 88 லிட்டர் பால் போயிற்று. மருந்துச் செலவு வேறு, தீனிச் செலவு வேறு. இரண்டே மாடு வைத்திருப்பவருக்கு இது பாதி வருமானம். உண்மையைச் சங்கத்திற் சொன்னவர் இந்நஷ்டம் முழுவதையும் அடைகிறார். மறைத்து ஊற்றியவர் ஒரு காசும் இழப்பதில்லை. யோக்கியனை ஏழையாக்கும் ஏற்பாட்டில் யோக்கியதையை எவ்வளவு காலம் எதிர்பார்ப்பது? அபராதம் விதிப்போம் என்று சிலர் சொல்லுகின்றனர். அபராதத்தினால் மறைப்பது அதிகமாகுமேயன்றிக் குறையாது. மேலும், பால் நஷ்டத்துக்கு அஞ்சியே பலர் ஊசியை இரண்டாம் நாளோடு நிறுத்தி விடுகின்றனர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நாம் சொல்லுவது இது. நாளொன்றுக்கு 1,000 லிட்டர் சேரும் ஒரு கிராமப் பால் கூட்டுறவுச் சங்கத்தை எண்ணுவோம். மாதத்துக்கு 30,000 லிட்டர். அதில் மாதம் இரண்டு பசுக்கள் ஊசிச் சிகிச்சையில் இருப்பதாகவும், விலக்கிய பாலுக்குப் பாதி விலையைச் சங்கம் கொடுப்பதாகவும் கொண்டால், செலவு 88 லிட்டரின் விலை. ஆயிரம் லிட்டருக்கு மூன்று லிட்டருக்கும் குறைவு. எல்லா அங்கத்தினரும் பகிர்ந்து கொண்டால் ஒருவருக்கும் தெரியாத பாரம். ஆண்டிறுதியில் பிரித்துக் கொடுக்கும் போனஸிலிருந்து இதற்கென்று ஒரு நிதி ஒதுக்கலாம். பொய் சொல்லிப் பணம் பெறுவார்களே என்று ஆட்சேபிக்கக்கூடும். வைத்தியர் கையெழுத்திட்ட சீட்டைக் காட்டுபவருக்கு மட்டும், முந்திய மாதத்துச் சராசரிக் கறவையைக் கொண்டு கொடுப்பதென்றால் அவ்வாட்சேபம் பெரும்பாலும் அடங்கும். சீட்டு வேண்டும் என்பதனாலேயே கடைப் புட்டி வழக்கமும் குறையும்; இது எதிர்பாராத லாபம். முழு விலையும் கொடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. பாதி நஷ்டமாவது சொந்தக்காரரிடம் இருந்தால்தான் தொழுவத்தைச் சுத்தமாக வைப்பதிலும், கறவைக்கு முன் மடியைக் கழுவித் துடைப்பதிலும் கருத்து நிற்கும்.

கிராம அதிகாரிகளும் சங்கக் காரியதரிசிகளும் இதற்குப் புதிய சட்டம் ஒன்றையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. பால் எடுக்கும் இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தால் போதும். மாட்டின் காதுவில்லை எண், வியாதி, மருந்தின் பெயர், முதல் ஊசி, கடைசி ஊசி, பால் மீண்டும் ஏற்கும் தேதி ஆகிய இவ்வளவே அதில் வேண்டும். சிகிச்சையிலுள்ள மாட்டின் கொம்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, மற்ற மாடுகளைக் கறந்த பின் கடைசியாகத் தனிப் பாத்திரத்திற் கறக்கும்படி சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் ஊசி போடுவித்ததை மற்றொருவர் அறியாமல் பாலை ஊற்றிவிடுவது, வேண்டுமென்றே மறைப்பதைக் காட்டிலும் அதிகமாக நடக்கக்கூடியது, துணி அதற்காகவே. அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பாதி விலை நிதியையும் ஒரு விஷயமாகச் சேர்த்து, அங்கத்தினரின் அபிப்பிராயத்தை அறிந்து கொள்ளலாம்.